அனுப்பர்பாளையத்து மாஸ்டர்

இப்போதெல்லாம் யாராவது கைபேசியில் என்னை ஒரு குழுவில் சேர்த்துவிட்டால், காலை வணக்கத்து ரோஜாப்பூ வந்து சேர்வதற்குள் வெளியேறிவிடுவேன். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். "திமிர் பிடிச்சவ" என்று சித்தி மகள் என் காதுபடவே சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த ஊரில் பலருக்குக் குழு என்றால் என்னவென்று தெரிவதற்கு முன்பே நான் ஒரு குழுவை நடத்தியவள். எத்தனையோ பேரை எத்தனையோ பேருடன் அதில் சேர்த்துவைத்தேன். யாருக்காக அதை ஆரம்பித்தேனோ அவரை மட்டும் சேர்க்க முடியவில்லை.

நான் திருப்பூருக்கு வேலை தேடி வந்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். நான் வந்தது அண்ணனைத் தேடி.

எங்கள் அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிறிஸ்தவக் கோயில் உபதேசியார். அண்ணன் கல்லூரி முடித்த கையோடு திருப்பூருக்கு வேலைக்கு வந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருப்பதாகக் கடிதம் போடுவார். கொஞ்ச காலத்தில், இங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாக எழுதினார். இந்துப் பெண், உள்ளூர்ப் பெண். "இனி இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று அப்பா பதில் எழுதினார். அண்ணனுக்கும் அப்பாவின் ரோஷம்தான். வீட்டை மாற்றிக்கொண்டு போனவர் புது முகவரியைச் சொல்லவே இல்லை. அம்மா திருட்டுத்தனமாகப் போட்ட கடிதங்களெல்லாம் முத்திரை குத்தித் திரும்பி வந்தன.

அப்புறம் அப்பா படுத்துவிட்டார். கடைசி நாட்களில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே, "பெரியவன் வந்துட்டானா?" என்று கேட்பார். கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியாது. அப்படிக் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அண்ணனுக்குச் சொல்லியனுப்ப எங்களிடம் ஒரு வழியும் இல்லை.

நான் பஸ் ஏறும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஒங்க அப்பா கோவம் தீந்துதான் போனாருன்னு அவன்ட்ட ஒரு வார்த்த சொல்லிருட்டி. பொறவு அவன் வந்தா வாரான், வராட்டி போறான்."

திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை கிடைத்தது. பெயர்தான் பெரிது. வெளிநாட்டுக்காரனிடம் 'எஸ்' என்றும், துணி ஆட்களிடம் 'எப்போது' என்றும், முதலாளியிடம் 'நாளைக்கு' என்றும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிற வேலை. ஆனால் என் மேசையில் கம்ப்யூட்டர் இருந்தது, அதில் இன்டர்நெட் இருந்தது. இலவசமாக மின்னஞ்சல் குழு ஆரம்பிக்கலாம் என்று பக்கத்து சீட்டுப் பெண் காட்டிக்கொடுத்தாள். ஒருவர் எழுதினால் குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். தெற்கேயிருந்து திருப்பூருக்கு வந்தவர்களுக்கு என்று ஒன்றை ஆரம்பித்தேன். முதல் கடிதமே அண்ணனைப் பற்றியதுதான். முழுப்பெயர், அப்பா பெயர், ஊர், படிப்பு, கூடவே ஒரு போட்டோ. பார்த்தவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும் என்று எழுதிவிட்டு, சாயங்காலமே பதில் வந்துவிடும் என்று பைத்தியக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பதில்கள் வந்தன. அண்ணனைப் பற்றி அல்ல. சாத்தான்குளத்துக்காரர் ஒருவர் தன்னோடு படித்தவரைக் குழுவில் கண்டுபிடித்தார். ஒரு பெண்ணுக்குத் தங்குவதற்கு ரூம் கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகத் தனி பஸ் பேசினார்கள். ஆபீஸில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஆங்கில எழுத்தில் தமிழை நசுக்கி நசுக்கி எழுதினார்கள்.

பிறகு பிரிண்டிங் யூனிட் வைத்திருந்த ஒருவர், செங்கல் நிறத்தில் காலருக்கு ரிப் துணி அவசரமாக வேண்டும், யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். டீ வருவதற்குள் பதில் வந்துவிட்டது. அவ்வளவுதான். பட்டன் வேண்டும், எம்பிராய்டரிக்கு ஆள் வேண்டும், மீந்த துணி இருக்கிறது என்று குவிய ஆரம்பித்தது. எல்லாவற்றுக்கும் தலைப்பு 'அவசரம்'. திருப்பூரில் அவசரமில்லாத வேலையை நான் இன்றுவரை பார்த்ததில்லை. கொச்சியிலிருந்து ஒரு கடைக்காரர் சேர்ந்தார், பெங்களூரிலிருந்து ஒருவர் சேர்ந்தார். கல்லூரி விழாவுக்கு டீஷர்ட் வேண்டும் என்பார்கள். எங்கே துணி, எங்கே கட்டிங், எங்கே பிரிண்டிங் என்று நான் கோத்துவிடுவேன்.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவருக்கோ முகமெல்லாம் பல்.

"இது நல்லா இருக்குதுங்களே அம்மிணி. நம்ம கஸ்டமரையெல்லாம் இதுக்குள்ள சேத்திப்போடுங்க. ஆனா ஆளாளுக்குக் கண்டதையும் எழுதுனா கஸ்டமர் ஓடிப்போவான். நீங்க பாத்து உட்டாத்தான் எதுவும் உள்ள போகோணும்."

அப்படித்தான் எல்லோருடைய கடிதமும் என் ஒப்புதலுக்குக் காத்து நிற்கும் ஏற்பாடு வந்தது. நான் பட்டனைத் தட்டினால்தான் போகும். அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்? என்னைப் பார்த்திராத உறுப்பினர்கள் எல்லோரும் எனக்கு 'சார்' போட்டு எழுதினார்கள். நானும் திருத்தவில்லை.

போட்டோவுக்கும் தடை வந்தது. அந்தக் காலத்து மின்னஞ்சல் பெட்டிகள் எறும்புப் புற்று அளவுதான். படம் வந்தால் நிறைந்துவிடும், பிரவுசிங் சென்டரில் திறக்கவும் திறக்காது. கஸ்டமர்கள் புலம்ப, படங்களை நிறுத்தச் சொன்னார் முதலாளி. அண்ணனின் போட்டோவும் அதோடு போனது. அதன் பிறகு அவ்வப்போது அவர் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதிப் போடுவேன். ஒரு பதிலும் இருக்காது.

இருக்காதுதான். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. திருப்பூரில் பெயர் என்பது ரேஷன் கார்டில் இருப்பதற்கு. கம்பெனிக்குள் வந்துவிட்டால் ஓவர்லாக் அக்கா, செக்கிங் அண்ணன், காஜா பட்டன்காரர், அயர்ன் மாஸ்டர். ஒரே வேலையில் நாலு பேர் இருந்தால் கூட ஊர் பெயரை ஒட்டவைப்பார்கள். வருஷக்கணக்காகப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பவரின் பெயரைக் கேட்டால் விழிப்பார்கள். நானே எல்லோருக்கும் வெறும் மேடம். அப்படிப்பட்ட ஊரில் ஞானஸ்நானப் பெயரை வைத்துக்கொண்டு ஆளைத் தேடினேன். அதுவும் செக்கிங் பிரிவில்.

அந்தக் குழுவில் அதிகம் அடிபட்டது 'அனுப்பர்பாளையத்து மாஸ்டர்' என்ற பெயர். திருப்பூரை ஒட்டியிருக்கும் அனுப்பர்பாளையத்தில் கட்டிங் மாஸ்டர். துணியை மேசையில் அடுக்கடுக்காக விரித்து, அளவு போட்டு, மெஷினால் வெட்டிக் கொடுப்பவர். துணியைப் பாழாக்கமாட்டார். அதைவிடப் பெரிய விஷயம், பொய் சொல்லமாட்டார். முடியாதென்றால் முடியாது என்பார். 'நாளைக்கு' என்ற சொல்லில் ஓடுகிற ஊரில் அது எவ்வளவு பெரிய சலுகை என்று மெர்ச்சண்டைசர்களுக்குத்தான் தெரியும். யார் கட்டிங் கேட்டாலும், "அனுப்பர்பாளையத்து மாஸ்டரிடம் கொடுங்கள், நிம்மதியாகத் தூங்கலாம்" என்று நானே எழுதுவேன். கொச்சிக்காரருக்கு அவரைத் தவிர வேறு யாரும் ஆகாது. எங்கள் கம்பெனித் துணியும் அவரிடம்தான் போகும். பில் அவருடைய மாமனார் காலத்துக் கம்பெனிப் பெயரில் வரும்.

நான் அவரைப் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையே இருக்கவில்லை. குழுவில் எழுதினால் வேலை நடக்கிறது, போன் செய்தால் தகவல் கிடைக்கிறது, துணியை, யூனிட் யூனிட்டாக வண்டியில் சுற்றி லைன் பார்க்கிறவர் கொண்டுபோய் எடுத்துவருகிறார். ஒருமுறை நேரில் போகிறேன் என்றதற்கு, "பொம்பளப் புள்ள அந்தத் தகரச் செட்டுப் பக்கமெல்லாம் எதுக்குங்க? அதான் போன் இருக்குதுல்ல" என்றுவிட்டார் முதலாளி.

போனை எடுப்பது எப்போதும் மாஸ்டரின் மனைவி. ஊத்துக்குளிக்காரர். பின்னால் டங் டங்கென்று பக்கத்துப் பாத்திரப் பட்டறையில் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு மேலாக அவர் குரல் வரும்.

"மாஸ்டர் கட்டிங்ல இருக்காருங்க மேடம். முடிச்சுப்போட்டு வந்ததும் சொல்றனுங்க."

மெஷின் ஓடும்போது கையெடுத்தால் துணி போச்சு என்பதால் மாஸ்டர் போனுக்கு வருவதில்லை. நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். வேலையைப் பேசி முடித்த பிறகும் ரெண்டு வார்த்தை பேசுவோம். காய்ச்சல் என்றால் கஷாயம் சொல்லுவார். தீபாவளிக்குத் துணி மூட்டையோடு ஒரு தூக்குப் போசியில் ஊத்துக்குளி வெண்ணெய் வந்தது. நான் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியபோது, அம்மா கட்டிக்கொடுத்த கருப்பட்டியில் பாதியை அவருக்குக் கொடுத்தனுப்பினேன். "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க மேடம்" என்றார். அவருடைய கொங்குப் பேச்சைக் கேட்டு மாஸ்டரும் உள்ளூர்க்காரர் என்றே முடிவு கட்டியிருந்தேன். நானோ, ஆபீஸில் கிண்டல் செய்கிறார்கள் என்று என் ஊர்ப் பேச்சைத் துடைத்துப் போட்டுவிட்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, டீயோடு கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கிடையாது. கோயிலுக்குப் போய்விட்டு, துணி துவைத்துவிட்டு, அம்மாவுக்குப் போன் செய்வதோடு என் ஞாயிறு முடியும். அந்த ஒரு நாள் கடிதங்களெல்லாம் ஒப்புதலுக்காக வரிசையில் நின்றன. யாருக்கோ ஜிப் வேண்டும். யாரோ மீந்த நூல் விற்கிறார். அதற்கு அடுத்து, முன்பு ரிப் துணி கேட்ட பிரிண்டிங்காரர் எழுதியது.

அனுப்பர்பாளையத்து மாஸ்டர் நேற்று நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். இன்று மாலை அடக்கம். அவரிடம் துணி கொடுத்திருக்கும் கஸ்டமர்கள் நாளை வந்து எடுத்துக்கொள்ளவும். அவ்வளவுதான் எழுதியிருந்தார். அந்த 'இன்று' முடிந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் கடிதம் என் பட்டனுக்காக நின்றிருக்கிறது.

அக்காவின் குரல்தான் நினைவுக்கு வந்தது. பட்டனைத் தட்டினேன். உடனே பதில்கள் பாய்ந்து வந்தன. ஆழ்ந்த இரங்கல், என் துணி பத்திரமாக இருக்கிறதா? ஆழ்ந்த இரங்கல், வேறு நல்ல கட்டிங் மாஸ்டர் யாராவது உண்டா, அவசரம். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஒன்றையும் அனுமதிக்காமல் மூடிவைத்தேன்.

ஆனால் எங்கள் துணியும் அங்கேதான் இருந்தது. லைன் பார்க்கிறவர் லீவு. முதலாளி என் மேசைக்கே வந்தார். "இந்த ஒருக்கா நீங்களே போயிட்டு வந்துருங்க அம்மிணி. துக்க ஊடு. பொம்பளையாளு போனாத்தேன் மொறையா இருக்கும்." டிரைவரோடு வேனில் அனுப்பிவைத்தார்.

மாஸ்டர் வீட்டு வாசலில் ரெண்டு டெம்போ நின்றன. செட்டுக்குள்ளிருந்து ஆட்கள் துணி ரோல்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பட்டறையில் துக்கத்துக்காக நிறுத்தியிருந்த வேலையை மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். டங் டங்கென்று அதே சத்தம். கட்டிங் மேசையில் எங்கள் மஞ்சள் துணி விரித்தபடி கிடந்தது, குழந்தைச் சட்டைக்கான துணி. பாதி வெட்டியிருந்தது. மீதியில் சாக்பீஸ் கோடு மட்டும் இருந்தது.

பின்னால் வீடு. பாயில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "அக்கா, நான்தான்" என்றேன். குரலை வைத்தே கண்டுபிடித்தார். "மேடமுங்களா? வாங்க..." என்று எழப் பார்த்தார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தேன்.

மாலை போட்ட படத்தில் என் அண்ணன் இருந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார், மீசையில் நரை. வேறு யாரோ என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை. ஏனென்றால் பக்கத்திலேயே எங்கள் வீட்டுப் படம் தொங்கியது. அப்பா, அம்மா, அண்ணன், ரெட்டைச் சடையில் நான். அதற்கு மேலே ஒரு சிலுவை, பக்கத்தில் முருகன் காலண்டர்.

நான் அந்தப் படத்தையே பார்ப்பதைக் கண்டு அக்கா சொன்னார்: "அது அவரு ஊட்டு ஆளுங்க. அது மாமனாரு, இது அவரு தங்கச்..." படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கன்னத்தை ரெண்டு கையாலும் பிடித்துத் திருப்பி மறுபடி பார்த்தார். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு அவர் போட்ட சத்தத்தில் துணி தூக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அப்பா மேல், அண்ணன் மேல், இந்த ஊர் மேல், எங்களை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கவிடாத அந்தப் போன் மேல்.

"கல்யாணத்துக்கப்புறம் எங்கப்பாகிட்டயே கட்டிங் கத்துக்கிட்டு இங்கயே இருந்துட்டாருங்க. ஊரப் பத்தி யாருகிட்டயும் பேசக் கூடாதுன்னு சொல்லிருந்தாருங்க" என்றார் அண்ணி. இனி அண்ணிதானே. "நீங்க கருப்பட்டி குடுத்து உட்டீங்கல்ல, அன்னைக்கு அத மோந்து பாத்துட்டு, இது எங்க ஊருப் பக்கத்துதுன்னாருங்க. அப்புறம் சோறே திங்கலீங்க. அந்தப் பக்கத்து ஆளுக இங்க எத்தனையோ பேரு இருக்காங்கன்னு அவரே சொல்லிக்கிட்டாருங்க. வர்ற கிறிஸ்துமஸுக்குப் போயி அப்பா கால்ல உழுந்தரலாம்னு பேசிட்டிருந்தோமுங்க. மாமா நல்லா இருக்காருங்களா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேன். அண்ணி புரிந்துகொண்டார். அப்பாவுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்ற அந்த ஒரு வார்த்தையை, அண்ணனுக்கென்று ஊரிலிருந்து சுமந்து வந்ததை, அண்ணியிடம் சொன்னேன். சொல்லும்போதுதான் அழுதேன்.

அம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது யோசித்தால் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அம்மா வேண்டும் போல இருந்தது. மூலையில் ஸ்டூல் மேல் அந்தப் போன் இருந்தது. ஊரில் அம்மா இருக்கும் வீட்டுக்கு அந்த வருஷம்தான் போன் இணைப்பு வாங்கியிருந்தோம். நம்பரைப் போட்டேன்.

"என்னட்டி, இந்நேரத்துக்கு? அங்கன என்ன டங்கு டங்குன்னு சத்தம்?"

"அம்மா, அண்ணன் வீட்டுல இருந்து பேசுறேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அழுதேன். அம்மா விடவில்லை.

"கண்டுபிடிச்சிட்டியா! ஏசப்பா... கண்டுபிடிச்சிட்டியாட்டி! அழாத. ஏன் அழுத? அவன்ட்ட குடு. திட்டமாட்டேன்னு சொல்லு. போன அவன்ட்ட குடுட்டி!"

அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது. என் கையிலிருந்து அண்ணி ரிசீவரை வாங்கிக்கொண்டார். மாமியாரின் குரலை அவர் முதன்முதலாகக் கேட்கிறார். எதிர்முனையில் அம்மா மகன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அண்ணி படத்தைப் பார்த்தார். பிறகு வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகியது மட்டும்தான் அவர் வாயில் வந்தது.

"அவரு கட்டிங்ல இருக்காருங்க அத்தை."

"இருக்கட்டும் தாயி, இருக்கட்டும்" என்றாள் அம்மா. "வேலய முடிச்சிட்டே வரட்டும். நான் போன வைக்கல."